'சர்ச்' என்னும் சொல்லும் நம் 'சபை'யும்

ஆங்கிலத்தில் மிக எளிய சொற்களுள் ஒன்று 'சர்ச்'. பள்ளியில் ஆங்கிலம் தொடங்கிய சில மாதங்களிலேயே நாம் அதைக் கற்றுவிடுகிறோம். பின்னர் அதற்கென அகராதியைத் திறப்பதில்லை. ஆனால் ஆங்கில இறையியல் நூல் ஒன்றைத் தமிழில் தர முற்படுவோர் எவரும் முதற் பக்கத்திலேயே இச்சொல்லில் இடறுவர். அருள், நீதிமானாக்கப்படுதல், ஒப்புரவாக்குதல் முதலிய கடினமான சொற்களுக்கு நாம் அகராதிகளையும் உரைநூல்களையும் தேடுகிறோம். 'சர்ச்'சுக்கு எவரும் தேடுவதில்லை. தேடாத சொல்லே நம்மை ஏமாற்றும் சொல்.

முதலாண்டு மாணவருக்கு நான் ஒரு சிறு பயிற்சி கொடுப்பது வழக்கம். ஆறு ஆங்கில வாக்கியங்கள். ஆறிலும் 'சர்ச்' வரும். ஒன்றில் அதன் கூரை ஒழுகுகிறது. ஒன்றில் ஒருவர் காலை பத்து மணிக்கு அதில் இருக்கிறார். ஒன்றில் அது கூடித் தனக்கு ஒரு போதகரைத் தெரிந்துகொள்கிறது. ஒன்றில் ஒரு கனவானின் இரண்டாம் மகன் அதற்குள் 'நுழைகிறான்'. ஒன்றில் அது அரசுடன் முரண்படுகிறது. ஆறாவதில் மனைவி 'சர்ச்', கணவர் 'சேப்பல்'. மாணவரிற் பலர் ஆறிடத்திலும் 'சபை' என்றே எழுதிவிடுகின்றனர். சபையின் கூரை ஒழுகுகிறது என்று படிக்கையில் வகுப்பில் சிரிப்பு எழும். ஆனால் கனவானின் மகன் சபைக்குள் நுழைந்தான் என்று படிக்கையில் எவரும் சிரிப்பதில்லை. அவன் குருப்பட்டம் பெற்றான் என்பதே அதன் பொருள் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இந்த இரண்டாம் பிழையே என்னைச் சிந்திக்க வைப்பது. கூரைக்கும் மக்களுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் தெரிகிறது. குருமாருக்கும் மக்களுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு எளிதில் தெரிவதில்லை.

ஆங்கிலேயர் இச்சொல்லை ஆளும் விதங்கள் இவற்றோடு முடிவதில்லை. கட்டடம், அதில் நடக்கும் ஆராதனை, அங்குக் கூடுவோர், ஒரு நாட்டின் கிறிஸ்தவ அமைப்பு, உலகமனைத்திலுமுள்ள விசுவாசிகள், விண்ணுலகில் வெற்றி பெற்றோர் கூட்டம், குருமார் வகுப்பு, சட்டத்தால் நிறுவப்பட்ட அரசாங்க மதம் ஆகிய யாவும் அதற்குள் அடங்கும். அது வினைச்சொல்லாகவும் வரும். பிள்ளை பெற்ற தாய் ஆலயத்தில் நன்றி செலுத்தும் சடங்குக்கு ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகம் ஓர் அழகிய தலைப்பைத் தந்திருந்தும், மக்கள் அதனைச் 'சர்ச்சிங்' என்றே அழைத்தனர். அவ்வழக்கையும் அத்தலைப்பிலேயே குறித்துவைத்திருக்கிறார்கள். ஆலயக் காவலரின் பெயரால் நீண்ட மண் புகைக்குழாய் ஒன்றுங்கூட விளங்குகிறது! ஒரு சொல் மக்கள் வாழ்வில் ஊறிப்போனதற்கு இது அடையாளம்.

சொல் பிறந்த இடத்தை நோக்கின் சிக்கலின் வேர் தெரியும். 'சர்ச்', ஸ்காட்லாந்தில் 'கர்க்', ஜெர்மனியில் 'கிர்ஹே' ஆகிய யாவும் 'குரியாகொன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. 'ஆண்டவருக்குரியது' என்பது அதன் பொருள்; ஆண்டவருக்குரிய இல்லத்தையே அது குறித்தது. ஆகவே பிறப்பால் அது கட்டடத்தின் பெயர். புதிய ஏற்பாட்டில் இவ்வுரிச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது: ஒன்று ஆண்டவருடைய பந்தியைப்பற்றி (1 கொரிந்தியர் 11:20), மற்றொன்று ஆண்டவருடைய நாளைப்பற்றி (வெளிப்படுத்தல் 1:10). விசுவாசிகளின் கூட்டத்தைப்பற்றி ஓரிடத்திலும் வருவதில்லை. அக்கூட்டத்திற்குப் புதிய ஏற்பாடு தரும் பெயர் 'எக்லேசியா'. பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், வெல்ஷ் மொழிகள் இந்த 'எக்லேசியா'வையே திரித்துக் கையாண்டன. ஆங்கிலமோ 'ஆண்டவர் இல்லம்' என்ற பெயரை எடுத்து, எக்லேசியா வரும் இடமெல்லாம் அதையே வைத்தது. வீட்டின் பெயர் வீட்டாருக்கு வந்தது.

இங்கே தமிழர் ஒரு கணம் நிற்கத் தகும். கோ என்றால் அரசன். இல் என்றால் வீடு. கோயில் என்பது ஆண்டவன் வீடு. நெல்லைச் சீமையில் நம் முன்னோர் ஞாயிறுதோறும் 'கோயிலுக்குப் போகிறோம்' என்றபோது, அறியாமலே 'குரியாகொன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தவராயினர். 'சபை கூடிற்று' என்றபோது 'எக்லேசியா'வைச் சொன்னார்கள். ஆங்கிலம் ஒன்றாக்கிய இரண்டையும் நம் பேச்சு இரண்டாகவே வைத்திருந்தது. இதன் மதிப்பை நாம் உணரவில்லை என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் பிரிக்க முயன்றவர் வில்லியம் டின்டேல். 1526இல் வோர்ம்ஸ் நகரில் அச்சான அவருடைய புதிய ஏற்பாட்டில் எக்லேசியா வரும் இடங்களில் 'சர்ச்' இல்லை. 'காங்கிரிகேஷன்', அதாவது கூடிவந்தோர் தொகுதி என்ற சொல்லையே இட்டார். 'சர்ச்' என்ற சொல்லை அவர் முற்றிலும் விலக்கிவிடவுமில்லை. அப்போஸ்தலர் 14:13இல் லீஸ்திராவின் யூப்பித்தர் கோயிலுக்கும், 19:37இல் எபேசுவின் கோயில்களுக்கும் அதைக் கொடுத்தார்! கட்டடத்தின் பெயரைக் கட்டடத்திற்கே கொடுத்துவிட்டார் எனலாம். இதில் குறும்பும் சற்று இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

இதனை வன்மையாக எதிர்த்தவர் சர் தாமஸ் மோர். 1529இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில், டின்டேல் மாற்றிய மூன்று சொற்களைக் குறிப்பாக எடுத்துக் குற்றஞ்சாட்டினார்: குரு, சர்ச், தெய்வீக அன்பைக் குறிக்கும் 'சாரிட்டி'. மோரின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. சர்ச் ஒரு கூட்டந்தான். ஆனால் எல்லாக் கூட்டமும் சர்ச் ஆகாது. கிறிஸ்தவர்களின் கூட்டத்தை இங்கிலாந்தில் மக்கள் என்றும் சர்ச் என்றே அழைத்து வந்திருக்கின்றனர். பிறசமயத்தார் கூட்டத்தையும் குறிக்கக்கூடிய பொதுச் சொல்லை அங்கே வைத்தால் பொருள் தெளிவதில்லை, குலைகிறது என்றார். சொல்லின் பொருள் அதன் பிறப்பில் இல்லை, வழக்கில் இருக்கிறது என்ற கொள்கை இது. இன்றைய மொழியியலார் எவரும் இதை மறுக்கமாட்டார்.

டின்டேலின் விடை 1531இல் வந்தது. அந்நூலின் தொடக்கமே நம் பொருளுக்கு நேரானது: இச்சொல்லுக்குப் பல பொருள்கள் உள என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். முதலாவது, திருமொழி கேட்க மக்கள் கூடும் இடம். இரண்டாவது, தலை மழித்து எண்ணெய் பூசப்பெற்ற குருமார் கூட்டம். இது தவறான ஆட்சி என்பது அவர் கருத்து, ஆனால் அதுவே அன்றைய பெருவழக்கு. மூன்றாவது, எல்லா நிலையினரும் அடங்கிய விசுவாசிகளின் கூட்டம்; இப்பொருளை எளிய மக்கள் ஏறக்குறைய அறிந்திலர் என்கிறார். சில இடங்களில் தெரிந்துகொள்ளப்பட்டோரை மட்டும் குறிக்கும் என்று நான்காவதையும் சேர்க்கிறார். எரேஸ்மஸ் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் இதே மாற்றத்தைப் பலமுறை செய்தபோது மோர் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் வினவுகிறார். எரேஸ்மஸ் மோரின் நெருங்கிய நண்பர் என்பதை ஊரறியும். எரேஸ்மஸிடம் தீய நோக்கம் இல்லை, டின்டேலிடம் உண்டு என்பதே பின்னர் மோர் அளித்த மறுமொழி. அதாவது, சொல்லைப்பற்றிய வாதம் சொல்லியவரைப்பற்றிய வாதமாகிவிட்டது. நம் மாமன்றக் கூட்டங்களிலும் இதைக் கண்டிருக்கிறோம்.

இருவருள் யார் சொன்னது சரி? பொருள் வழக்கிலிருந்து பிறக்கிறது என்பதில் மோர் சரி. ஆனால் அவ்வழக்கு எதனால் விளைந்தது என்று அவர் கேட்கவில்லை. குருமாரைச் 'சர்ச்' என்றழைக்கும் வழக்கு இருக்கும்வரை, சர்ச்சின் உரிமை, சர்ச்சின் நிலம், சர்ச்சின் தீர்ப்பு என்பவற்றைக் கேட்கும் உழவன் தன்னை அதற்கு வெளியே நிறுத்தியே கேட்பான். பவுலின் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டும்போதும் அப்படியே கேட்பான். மூலத்தில் கொரிந்துவின் துறைமுகத் தொழிலாளியும் அடிமையும் பெண்ணும் அடங்கிய சொல், அவன் செவியில் அவனையே விலக்கும் சொல்லாக விழுகிறது. இவ்விடத்தில் டின்டேலே சரி. கிரேக்கச் சொல்லும் அப்போஸ்தலருக்கு முன் பிறசமயத்தாரின் சொல்லாகவே இருந்தது. எந்தக் கூட்டம் என்பதைச் சூழல் காட்டிவிடும் என்று அவர் சொன்ன விடையும் வலுவுள்ளது. மோர் 1535இல் தலை வெட்டப்பட்டார். டின்டேல் 1536இல் வில்வோர்ட் என்ற ஊரில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். இருவரும் இவ்வொரு சொல்லுக்காக இறக்கவில்லை. ஆயினும் இச்சொல்லின் எப்பொருள் மெய் என்ற வினாவிலிருந்து இருவர் மரணத்தையும் முற்றிலும் பிரித்துவிட முடியாது.

மார்ட்டின் லுத்தரும் இதே குறையை ஜெர்மன் மொழியில் கண்டார். 1539இல் மன்றங்களையும் திருச்சபையையும்பற்றி எழுதிய நூலில், 'கிர்ஹே' என்பது தெளிவற்ற அயற்சொல் என்றும், விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்த கிறிஸ்தவ மக்கள் என்ற சொல் வழங்கியிருந்தால் பல துன்பங்கள் நேர்ந்திரா என்றும் வருந்தினார். தம் புதிய ஏற்பாட்டில் 'கெமைனெ', அதாவது மக்கள் குழுமம், என்றே எழுதினார்.

ஆங்கிலத்தில் டின்டேலின் சொல் நிலைக்கவில்லை. கவர்டேலின் 1535ஆம் ஆண்டுப் பதிப்பும் 1539ஆம் ஆண்டின் பெரிய வேதாகமமும் அதைப் பின்பற்றின. ஆனால் 1560இன் ஜெனீவா வேதாகமம் 'சர்ச்'சுக்குத் திரும்பியது. அதைச் செய்தவர்கள் இங்கிலாந்தை விட்டோடிய தீவிரச் சீர்திருத்தக்காரர். தாங்களே மெய்யான சர்ச் என்று நம்பியவர்களுக்கு அப்பெயரை எதிரிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை போலும். பின்னர் 1604இல் ஜேம்ஸ் அரசரின் மொழிபெயர்ப்பாளருக்கு விதிகள் வகுக்கப்பட்டபோது, மூன்றாம் விதி பழைய திருச்சபைச் சொற்களை மாற்றலாகாது என்றது. எடுத்துக்காட்டாக, சர்ச் என்பதைக் காங்கிரிகேஷன் என்று மொழிபெயர்க்கலாகாது என இவ்வொரு சொல்லையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. மொழிபெயர்ப்பாளர் கூடி ஆராய்ந்து எடுத்த முடிவன்று இது. அவர்கள் பேனாவைத் தொடுமுன்னரே கொடுக்கப்பட்ட ஆணை.

அவ்வாணையின் விளைவை 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் விரலால் தொட்டுக் காணலாம். பழைய ஏற்பாட்டின் கூட்டத்திற்கு அங்கே 'காங்கிரிகேஷன்'. புதிய ஏற்பாட்டின் கூட்டத்திற்குச் 'சர்ச்'. இருபத்திரண்டாம் சங்கீதத்தில் துன்புற்றவன் கூட்டத்தின் நடுவில் துதிப்பதாகச் சொல்லும் அடியை எபிரெயர் 2:12 அப்படியே எடுத்தாளுகிறது. ஆங்கில வாசகர் சங்கீதத்தில் ஒரு சொல்லையும் நிருபத்தில் வேறொரு சொல்லையும் காண்கிறார். மேற்கோள் மேற்கோளாகத் தெரிவதில்லை. 1989இல் வெளிவந்த புதிய திருத்திய நியமப் பதிப்பு இவ்விடத்தைச் செப்பனிட்டு இரண்டிலும் ஒரே சொல்லை இட்டது. நம் தமிழில் சங்கீதத்திலும் 'சபை', நிருபத்திலும் 'சபை'. பவர் ஐயர் குழுவினர் 1871இல் நமக்குத் தந்த மொழிபெயர்ப்பில் இவ்வொற்றுமை அன்றே இருக்கிறது. இஸ்ரவேல் சபையும் கொரிந்து சபையும் ஒரே பெயரால் வழங்குவதால், இரு ஏற்பாடுகளின் தொடர்ச்சியைத் தமிழ்ப் பாட்டி ஒருத்தி காதாலேயே கற்றுக்கொள்கிறாள். ஆங்கிலப் பேராசிரியர் அதை அடிக்குறிப்பில் விளக்க வேண்டியிருக்கிறது.

அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரம் மற்றொரு சோதனைக் களம். எபேசுவின் நாடகசாலையில் கூச்சலிட்ட கும்பலையும் லூக்கா எக்லேசியா என்றே எழுதுகிறார். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அங்கே 'சர்ச்' என்று எழுதத் துணியவில்லை. நம்மவரும் 'கூட்டம்' என்றே எழுதினர். இஃது இயல்பே. ஆனால் அதே அதிகாரத்தில் தியானாளின் கோயிலைக் கொள்ளையிடுவோரைச் 'சர்ச்சுகளைக் கொள்ளையிடுவோர்' என்று 1611 பதிப்பு எழுதியது வியப்பே. டின்டேலிடமிருந்து வந்த அத்தொடர் அவரிடம் ஒழுங்காகப் பொருந்தியது. ஏனெனில் அவருக்குச் சர்ச் கட்டடம் மட்டுமே. ஆணைக்குட்பட்டோர் அதே தொடரை வைத்துக்கொண்டபோது அது வேடிக்கையாகிவிட்டது.

மத்தேயு 18:17 வேடிக்கையன்று. குற்றஞ்செய்த சகோதரன் தனிமையிலும் சாட்சிகள் முன்னும் செவிகொடாவிட்டால் எக்லேசியாவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஆண்டவர் கற்பனை. யாருக்கு அறிவிப்பது? 'சர்ச்' என்பது குருமாரின் அமைப்பு என்று பொருள்பட்ட நாட்டில் விடை தெளிவாயிருந்தது: ஆலயக் காவலர் குற்றவாளியின் பெயரை எழுதி ஆர்ச்டீக்கனின் நீதிமன்றத்திற்கு அனுப்பினர். அண்டைவீட்டாரின் ஒழுக்கம் அங்கே விசாரிக்கப்பட்டது. கட்டணமும் தண்டனையும் விதிக்கப்பட்டன. மனந்திரும்புதலுக்காகச் சொல்லப்பட்ட படி, வழக்குத் தொடுக்கும் படியாயிற்று. கூடிவந்தோர் என்ற பொருள் செவியில் விழுந்திருந்தால், சகோதரன் தன்னை அறிந்தவர் நடுவில் நிற்பான். அறியாத எழுத்தர் முன் நிற்கமாட்டான்.

பல பொருளுள்ள சொல் வல்லவர் கையில் ஒரு கருவியாவதைத் தாமஸ் ஹாப்ஸ் 1651இல் எழுதிய 'லெவியதான்' காட்டுகிறது. அதன் முப்பத்தொன்பதாம் அதிகாரம் முழுவதும் இச்சொல்லின் பொருளைப்பற்றியதே. கட்டடம், கிரேக்கக் குடிமக்கள் கூட்டம், விசுவாசிகள் என வரிசையாக எடுத்து, இறுதியில் ஒரே அரசனின் ஆணையால் கூடுகிற கிறிஸ்தவர் தொகுதியே சர்ச் என்ற முடிவுக்கு வருகிறார். ஆகவே கிறிஸ்தவ நாட்டில் அரசும் சர்ச்சும் ஒன்றே. சொல்லாராய்ச்சியாகத் தொடங்கியது அரசனின் முடியில் முடிகிறது. அவருடைய தருக்கம் கூர்மையானது. அதனாலேயே அதை மாணவர் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும் என்பேன்.

நீதிமன்றமும் இச்சொல்லோடு மல்லாடியதுண்டு. ஸ்காட்லாந்தில் 1843இல் பிரிந்துசென்றோர் சுயாதீன சர்ச்சை அமைத்தனர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வித்தான பள்ளியை 1837இல் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவர்களோடு சென்றார். 1900இல் அச்சர்ச்சின் மிகப் பெரும்பான்மையோர் வேறொரு பிரஸ்பிட்டேரியன் அமைப்போடு இணைந்தனர். இணைய மறுத்த சிறு கூட்டத்தினர் தாமே மெய்யான சர்ச் என்று வழக்குத் தொடுத்தனர். 1904இல் பிரபுக்கள் சபை அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. தொடக்கக் கொள்கையைக் காப்போரே சர்ச். சொத்து அக்கொள்கைக்காகவே ஒப்படைக்கப்பட்டது என்பது நீதிபதிகளின் கருத்து. ஆலயங்களும் கல்லூரிகளும் நிதியும் கைப்பிடியளவான மக்களுக்குச் சேர்ந்தன. அவற்றை நடத்த அவர்களால் இயலவில்லை. 1905இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிப் பங்கிட வேண்டியதாயிற்று. சர்ச் என்பது மக்களா, கொள்கைப் பத்திரமா, சொத்துப் பொறுப்பா என்ற வினாவுக்குச் சட்டம் தந்த விடை ஞாயிறு காலை ஆராதனைக்கு வந்தோர் எவரும் எதிர்பாராதது.

இக்குழப்பங்களைக் கண்ட அறிஞர் சிலர் 'சர்ச்'சையே விட்டுவிட விரும்பினர். ஹார்ட் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர், அவர் மறைவுக்குப்பின் 1897இல் வெளிவந்த நூலில், 'எக்லேசியா' என்ற கிரேக்கச் சொல்லையே ஆங்கிலத்தில் வைத்து எழுதினார். எமில் புரூனர் 1951இல் எக்லேசியா வேறு, சர்ச் என்ற நிறுவனம் வேறு என்று ஒரு நூலே எழுதினார். புரூனரின் நூல் நம் மாணவருக்கு மிகவும் பிடிக்கும். குழுத் தேர்தல்களால் மனம் கசந்த போதகருக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் கொரிந்து நிருபத்தை வாசித்தோர், நிறுவனமில்லாத தூய எக்லேசியா அங்கும் இருந்ததென்று நம்புவது கடினம். அங்கும் கட்சிகள் இருந்தன, பணம் சேகரிக்கப்பட்டது, வழக்குகள் நடந்தன.

இவ்விடத்தில் நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு விளக்கத்தையும் தொட வேண்டும். எக்லேசியா என்றால் 'வெளியே அழைக்கப்பட்டோர்' என்பது அது. சொற்பிறப்பாக இது பொய்யன்று. ஆனால் பவுல் காலத்துக் கிரேக்கர் அச்சொல்லைக் கேட்டபோது அழைப்பையும் வெளியேற்றத்தையும் எண்ணினர் என்பதற்குச் சான்றில்லை. கூட்டம் என்றே கேட்டனர். தமிழில் கோயில் என்று கேட்கும்போது நாம் அரசனை எண்ணுவதில்லை அல்லவா? ஜேம்ஸ் பார் 1961இல் எழுதிய விவிலியச் சொற்பொருள் நூலில் இவ்வகை விளக்கங்களைக் கடுமையாகச் சாடினார். எக்லேசியாவையே எடுத்துக்காட்டாக வைத்து வேறொரு பிழையையும் சுட்டினார்: கிறிஸ்துவின் சரீரம், மணவாட்டி, இறையாட்சியின் முதற்பலன் எனப் புதிய ஏற்பாடு பல இடங்களில் சொல்லும் யாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, அச்சொல் வரும் ஒவ்வோரிடத்திலும் அம்மூட்டை முழுவதையும் இறக்கிவைப்பது. பல பொருளுள்ள சொல் ஓரிடத்தில் ஒரு பொருளையே தருகிறது. ஆறு வாக்கியப் பயிற்சியை நான் விடாமல் கொடுப்பதற்கு அந்நூலும் ஒரு காரணம்.

இனி நம் 'சபை'. அதுவும் வெற்றுச் சொல்லாக நம்மிடம் வரவில்லை. வடமொழி வழி வந்த அது மன்றத்தையும் குறிக்கும், மன்றம் கூடும் மண்டபத்தையும் குறிக்கும். தில்லையில் பொற்சபை, நெல்லையில் தாமிரசபை. சென்னையில் இசைவிழா நடத்தும் 'சபா'வும் அதன் உறவே. சோழர் காலத்தில் சபை என்பது பிரமதேய ஊர்களின் பிராமணர் மன்றம். பிற ஊர்களின் மன்றத்திற்கு 'ஊர்' என்று பெயர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) அச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் போட்டியிடலாகாது. இவ்விதியைச் சேகரக் கமிட்டித் தேர்தலுக்கு முன்னர் ஆலயத்தில் ஒருமுறை வாசிக்கலாம்!

ஏதென்ஸின் எக்லேசியாவில் அடிமைக்கும் பெண்ணுக்கும் அயலானுக்கும் இடமில்லை. பிரமதேயச் சபையில் உழவனுக்கும் கைவினைஞனுக்கும் இடமில்லை. விலக்கும் சொல் ஒன்றைப் பவுல் எடுத்து விலக்கப்பட்டோருக்குக் கொடுத்தார். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் அவ்வாறே செய்தனர். பனையேறியும் பறையரும் சாணாரும் வெள்ளாளரும் 'சபையார்' என ஒரே பெயர் பெற்றது சிறு காரியமன்று. அப்பெயருக்கேற்ப ஒரே பாயில் அமர்ந்தனரா என்பது வேறு வினா. பல ஊர்களில் அமரவில்லை என்பதை வரலாறு மறைக்கவில்லை. சொல் அவர்களை முந்திச் சென்றது.

ஆங்கிலச் சொல் நம் மண்ணில் விளைவித்த வடுவும் உண்டு. 1799இல் லண்டனில் தோன்றிய 'சர்ச் மிஷனரி சங்கம்' என்ற பெயரில் 'சர்ச்' என்பது கிறிஸ்துவின் சபையை அன்று, இங்கிலாந்து சபையையே குறித்தது. அச்சங்கத்தின் ஊழியராய் 1820இல் நெல்லைக்கு வந்த இரேனியஸ் ஐயர் ஜெர்மானியர். லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். ஊர்தோறும் சபைகளைக் கட்டியவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தவர். ஹார்ப்பர் என்ற ஆங்கிலக் குரு 'சர்ச்'சையும் அதன் மகள்களையும் பணிப்பெண்களையும்பற்றி எழுதிய நூலை மறுத்து 1834இல் அவர் ஒரு மதிப்புரை வெளியிட்டார். 1835இல் சங்கம் அவரை விலக்கியது. இரேனியஸ் சபை என்று எண்ணியதும், சங்கத்தின் பெயர்ப்பலகையிலிருந்த சர்ச்சும் ஒன்றல்ல என்பது அன்றுதான் வெளிப்பட்டது. நெல்லைச் சபைகள் இரண்டுபட்டன. சங்கத்திடம் நின்றோரும் ஐயரைப் பின்பற்றினோரும் ஒரே ஊரில் எதிரெதிரே நின்றனர். 1838இல் அவர் பாளையங்கோட்டையில் காலமான பின்னரே அப்பிளவு ஆறத் தொடங்கியது.

இன்று நம்மிடையே இரு மாற்றங்கள் நிகழ்ந்துவருகின்றன. ஒன்று, 'திரு' சேர்தல். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் மத்தேயு 16:18 போன்ற இடங்களில் திருச்சபை என்கிறது; 1947இல் இணைந்த நம் அமைப்பும் தென்னிந்தியத் திருச்சபை என்றே பெயர் பூண்டது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்திட்டு உலகளாவிய அமைப்பைப் பிரித்துக்காட்டுவர். தமிழில் பெரிய எழுத்து இல்லாமையால் 'திரு' அவ்வேலையைச் செய்கிறது. அமைப்பின் பெயருக்கு இது பொருந்தும். திருமறைக்குள் அதைக் கொண்டுசெல்வதை நான் வரவேற்கமாட்டேன். எபேசுவின் கூட்டத்தையும் இஸ்ரவேலின் சபையையும் ஆண்டவரின் சபையையும் இணைத்திருந்த சரடு அதனால் மெலிகிறது. 1604இன் மூன்றாம் விதி வேறு வாசல் வழியே நுழைகிறது.

மற்றது இதனினும் ஆழமானது. நம் இளைஞர் மட்டுமன்று, குருமாரும் இப்போது தமிழ் வாக்கியத்தினுள்ளேயே 'சர்ச்' என்கின்றனர். சர்ச்சுக்குப் போனோம், சர்ச் கட்டினோம், சர்ச் கூடிற்று, சர்ச் தீர்மானித்தது. கோயில் என்றும் ஆராதனை என்றும் சபை என்றும் மன்றம் என்றும் நான்கு சொற்கள் நின்ற இடத்தில் ஒன்றே நிற்கிறது. முதல் மூன்று வாக்கியங்களால் தீங்கு பெரிதில்லை. நான்காவதையே நான் அஞ்சுகிறேன். பள்ளிக்கூட நிலத்தை விற்கச் 'சபை தீர்மானித்தது' என்று ஓர் அறிவிப்பை வாசித்தால், பின்வரிசையிலிருக்கும் ஒரு மூதாட்டியேனும், 'சபை எப்போது கூடிற்று? நானும் சபைதானே, என்னை யாரும் கேட்கவில்லையே' என்று எழுந்து கேட்க இடமுண்டு. 'சர்ச் தீர்மானித்தது' என்றால் அவ்வாறு கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை. தலைமை அலுவலகமோ, குழுவோ, குருவோ, யாரோ தீர்மானித்தனர் என்று கேட்டுக்கொண்டு, காணிக்கைப் பாட்டுக்கு எழுந்து நிற்கிறோம்.